வயது என்னும் கட்டம்

தம்பூல் அறுப்புக் கொட்டகையில், விடியுமுன்,
ஒட்டகத்தின் இதயத்துக்குள் கத்தி எங்கே நிற்கும் என்று
பாபிகிருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.
"இந்தா, உன் கல்" என்பான்.
பதினேழு வருஷம் அதைப் பூனைகளுக்கு எறிந்தவன்
நான் வந்தபின் விலை சொல்கிறான்.

கல்லில்லை.
மகாதமனி புறப்படும் வாசலில்,
வால்வுகளைப் பிடித்திருக்கும் நார் வளையத்தில்,
சற்றே வலப்புறமாக
ஒரு பேரீச்சங்கொட்டை அளவு எலும்பு.
எந்த எலும்போடும் அதற்கு மூட்டில்லை.
விலா தொட்டதில்லை, முதுகுக்குச் சேதி தெரியாது.
எலும்புக்கூட்டை யாராவது பூட்டி நிறுத்தினால்
எங்கே மாட்டுவது என்று தெரியாமல்
கடைசியில் ஆணிபோல மேஜையில் மிஞ்சிவிடும்.

ஓட்டை போட்ட இதயத்தை எவன் வாங்குவான் என்று
பாபிகிர் கேட்டான். மீதிச் சதைக்கும் நானே காசு கொடுத்தேன்.
இரண்டு மாதமாக வீட்டில் இதயக் குழம்பு.
"உன் ஆராய்ச்சி ஈரலுக்கு எப்போது வரும்?"
இத்ரீஸ் கேட்கிறான்,
தட்டை நகர்த்தி வைத்துவிட்டு.

ஃபார்மலினில் ஊறவேண்டும். பிறகு அமிலத்தில்,
சுண்ணாம்பு கழன்று வரும்வரை.
ஊசி குத்தினால் இறங்கவேண்டும்;
இறங்காவிட்டால் இன்னும் ஒரு நாள்.
மின்சாரம் போனால் மெழுகு உறைந்துவிடும்,
மறுபடி முதலிலிருந்து.

பிறகு ஒரு மதியம், மயிரிழையிலும் மெல்லிய சீவல் ஒன்று
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
இளஞ்சிவப்பாய்த் திறக்கிறது:
படலம் படலமாக எலும்பு.
அதன் குழிகளில் செல்கள், குழிக்கு ஒன்றாக,
மணற்புயலுக்குக் கதவடைத்தவர்கள்போல.
ஆனாலும் சுவரைத் துளைத்து
அடுத்த வீட்டுக்கு ஒரு விரல் நீட்டியிருக்கிறார்கள்.
ஓரத்தில் நீலமாய்க் குருத்தெலும்பு.
அதை ஒட்டிப் போகிறது
'துடி' என்ற கட்டளையைச் சுமக்கும் மெல்லிய தசைநார்.
நடுவில் மஜ்ஜை:
கொழுப்பின் வெற்று வட்டங்கள், இடையிடையே
கருநீலப் புள்ளிகளாய்ப் பிறந்துகொண்டிருந்த ரத்தம்.
இறைக்கிற கிணற்றிலேயே
ஒரு குவளை ஊறியும் இருந்திருக்கிறது.
வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை.

பத்தொன்பதாம் எண்
பூத்தானாவிலிருந்து வந்த சாம்பல் நிறப் பெண் ஒட்டகம்.
கழுத்தில் மூன்று சூட்டுக்குறிகள், ஒன்றின்மேல் ஒன்று.
"ஆறு வயது, பல்லைப் பார்" என்றான் தரகன் ஹஸ்புர்ரசூல்.
பல் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆறு வயதுக்காரிகளை அதற்குமுன் ஐந்து பேர் பார்த்துவிட்டேன்.
குருத்தெலும்பின் நடுவே எலும்பு அவர்களுக்கு
அப்போதுதான் பொட்டு வைத்திருந்தது.
இவளுக்கோ விளிம்புவரை எலும்பு.
நீலம் ஒரு கோடாய்த் தேய்ந்திருந்தது.
மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு,
ஒரு புள்ளி இல்லை.

கொட்டகைக்கு ஓடினேன். தலை இன்னும் கிடந்தது.
விரலால் தடவினேன்:
பல்லின் மேல் அரம் போட்ட வரிகள்.

எலும்பில்லாத நாக்கு ஆறு என்றது.
எலும்புள்ள இதயம் எண் எதுவும் சொல்லவில்லை,
ஆறு இல்லை என்பதைத் தவிர.
பன்னிரண்டா, பதினெட்டா,
எத்தனை குட்டி, எத்தனை மூட்டை உப்பு,
யார் முதலில் சூடு வைத்தது,
ஒரு சீவலில் அதெல்லாம் வராது.

ஆறு வயது விலை கொடுத்தவன் பாபிகிர்.
சொல்வதா வேண்டாமா என்று நின்றேன்.
அவனே கேட்டான்: "எத்தனை இருக்கும்?"
"தெரியவில்லை. ஆறில்லை."
அவன் கோபப்படவில்லை. கத்தியைத் துணியில் துடைத்தான்.
"இவளுக்கு அன்றைக்கு
இரண்டு தடவை தீட்டினேன்" என்றான்.

படிவத்தில் வயது என்னும் கட்டம் சிறியது,
ஒரு எண் மட்டும் கொள்ளும்.
பொடி எழுத்தில், கோட்டுக்கு வெளியே வழிய,
பென்சிலால் எழுதினேன்:
கத்தி இருமுறை தீட்டப்பட்டது.